எடை போட்டால் போதாது, எண்ணவும் வேண்டும்

மாணவர்களே, புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் காலையில் எழும் முதல் கேள்வி, “பிஎஸ்ஐ எவ்வளவு?” என்பதுதான். திடலில் விளையாடலாமா, முகக்கவசம் அணிய வேண்டுமா, உடற்கல்விப் பாடம் வெளியில் நடக்குமா என்பதையெல்லாம் அந்த ஓர் எண் முடிவு செய்கிறது. 2013 ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரில் அது 401ஐத் தொட்டது. உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள், அந்த வாரத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

புகைமூட்டம் இல்லாத நாளில் அதே எண் பல நேரங்களில் 50க்கும் கீழே இருக்கும். உடனே நாம் நிம்மதி அடைகிறோம். காற்று நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரியான நினைப்புதான். ஆனால், எந்த அளவுகோலும் தான் அளக்க வந்ததை மட்டுமே அளக்கும். வெப்பமானியை வைத்து உயரத்தை அளக்க முடியாது. அதுபோல, பிஎஸ்ஐயின் கண்ணில் படாமல் போகும் ஒரு மாசு உண்டு. அதை அதிகம் வெளியிடும் இடங்களில் ஒன்று விமான நிலையம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் திறப்பதற்கு முன்பே, விமான நிலையத்திலும் அதைச் சுற்றியும் உள்ள காற்றில் மிதக்கும் மிகச் சிறிய துகள்களை எண்ண வேண்டும். எண்ணிக் கிடைக்கும் கணக்கை, பிஎஸ்ஐயைப் போலவே நாம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஏற்கெனவே அப்படி ஒரு கணக்கு எங்கேனும் இருந்தால், அதையும் பொதுவில் வைக்க வேண்டும். இதை ஏன் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாக விளக்குகிறேன். ஏற்பதா மறுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இயந்திரத்திலிருந்து வெளிவருவது என்ன?

விமான எரிபொருள் மண்ணெண்ணெயின் நெருங்கிய உறவு. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மூலக்கூறுகள்தான் அதில் இருப்பவை. ஒரு கிலோ எரிபொருள் முழுமையாக எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயுவும் ஏறக்குறைய 1.2 கிலோ நீராவியும் உண்டாகும். ஒரு கிலோ எரிந்து எப்படி நான்கு கிலோவுக்கு மேல் ஆனது என்று கேட்கிறீர்களா? மீதி எடை காற்றிலிருந்து சேர்ந்த ஆக்சிஜனுடையது. வேதியியல் பாடத்தில் சமன்பாட்டைச் சமப்படுத்தக் கற்றவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. அது உலகம் முழுவதற்குமான பிரச்சினை. ஆனால் விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவரின் நுரையீரலுக்கு அதனால் நேரடிக் கேடு இல்லை. பருவநிலை மாற்றத்தையும் நகரக் காற்றின் தரத்தையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

நகரக் காற்றைக் கெடுப்பவை வேறு. முதலாவது, நைட்ரஜன் ஆக்சைடுகள். இவற்றிலுள்ள நைட்ரஜன் எரிபொருளிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகிறது. இயந்திரத்தின் உள்ளே வெப்பம் மிக அதிகமாகும்போது, வழக்கமாக எதோடும் சேராத நைட்ரஜன்கூட ஆக்சிஜனோடு சேர்ந்துவிடுகிறது. எனவே விமானம் முழு விசையோடு மேலெழும்போது இவை அதிகம் உருவாகின்றன. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடும் எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்களும். இவை நேர்மாறானவை. இயந்திரம் குறைந்த விசையில் மெதுவாகச் சுழலும்போது எரிதல் முழுமையாவதில்லை, அப்போதுதான் இவை அதிகம் வெளிவருகின்றன. விமான நிலையத்தின் வெளிப்புறத்தில் சில நேரம் மண்ணெண்ணெய் வாடை அடிப்பது இதனால்தான். மூன்றாவது, கரித்துகள். நான்காவது, எரிபொருளில் உள்ள கந்தகத்திலிருந்து பிறக்கும் கந்தக டைஆக்சைடு. அது காற்றில் கந்தக அமிலமாக மாறி, தானே புதிய துகள்களை உருவாக்கும்.

கந்தகத்தைப் பற்றி ஓர் ஒப்பீடு. சிங்கப்பூரில் வாகனங்களுக்கு விற்கப்படும் டீசலில் ஒரு மில்லியன் பங்கில் 10 பங்குக்குமேல் கந்தகம் இருக்கக்கூடாது. விமான எரிபொருளுக்கு அனைத்துலக அளவில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு ஒரு மில்லியனில் 3,000 பங்கு. நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்றாலும், இரண்டு விதிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். சாலையில் ஓடும் லாரியை நாம் கண்டித்து வளர்த்த அளவுக்கு விமானத்தைக் கண்டிக்கவில்லை.

வானத்தைவிடத் தரையில்தான் நேரம் அதிகம்

விமானப் புகை என்றதும் 11 கிலோமீட்டர் உயரத்தில் தெரியும் வெண்கோடுகள் உங்கள் நினைவுக்கு வரலாம். நகரக் காற்றுக்கு அந்த உயரம் முக்கியமில்லை. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் நகரக் காற்றைக் கணக்கிடும்போது 3,000 அடிக்குக் கீழே நடப்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய 915 மீட்டர். அதற்குக் கீழே வெளியாகும் புகைதான் தரையில் உள்ளவரின் மூச்சோடு எளிதில் கலக்கும்.

அந்நிறுவனம் இயந்திரங்களைச் சோதிக்க வைத்திருக்கும் கால அட்டவணை சுவாரசியமானது. தரையிறங்க நெருங்கும் நேரம் 4 நிமிடம். ஓடுபாதையில் வேகமெடுத்துக் கிளம்பும் நேரம் 0.7 நிமிடம். அங்கிருந்து மேலேறும் நேரம் 2.2 நிமிடம். ஆனால் தரையில் ஊர்ந்து செல்வதற்கும் இயந்திரத்தை ஓடவிட்டுக் காத்திருப்பதற்கும் சேர்த்து 26 நிமிடம்! ஆக, கிட்டத்தட்ட 33 நிமிடத்தில் 26 நிமிடம் விமானம் பறக்கவே இல்லை. முழுத் திறனில் சுமார் 7 விழுக்காட்டில் அதன் இயந்திரம் சும்மா சுழன்றுகொண்டிருக்கிறது. இந்த 26 நிமிடத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு மில்லியன் ஒன்றுக்குச் சமம்

இப்போது அளவுகோலுக்கு வருவோம். பிஎஸ்ஐ ஆறு மாசுகளைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றுள் நாம் அடிக்கடி கேள்விப்படுவது பிஎம்2.5. அதாவது, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்கள். நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்றால், இவை எவ்வளவு சிறியவை என்று எண்ணிப் பாருங்கள். இவற்றை நாம் எடையால் அளக்கிறோம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் என்பதே கணக்கு.

விமான இயந்திரத்திலிருந்து வரும் துகள்கள் இவற்றைவிடச் சிறியவை. 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்களை மீநுண் துகள்கள் என்கிறோம். விமானத்தினுடையவை அவற்றிலும் சிறியவை, பல நேரங்களில் 20 நானோமீட்டருக்கும் கீழே.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2.5 மைக்ரோமீட்டர் துகளையும் 25 நானோமீட்டர் துகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் முன்னது பின்னதைவிட 100 மடங்கு பெரியது. கனஅளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 100 × 100 × 100 = 10,00,000. எனவே ஒரு மில்லியன் சிறு துகள்களைச் சேர்த்து நிறுத்தால்தான் ஒரே ஒரு பெரிய துகளின் எடை வரும். தராசைப் பொறுத்தவரை ஒரு மில்லியனும் ஒன்றும் சமம்.

நுரையீரலுக்கு அப்படி இல்லை. அந்த ஒரு மில்லியன் துகள்களின் மொத்தப் பரப்பளவு, பெரிய துகளின் பரப்பளவைப்போல 100 மடங்கு. வேதிவினை நடப்பது பரப்பில்தான். சர்க்கரைக் கட்டியைவிடச் சர்க்கரைத் தூள் வேகமாகக் கரைவது ஏன் என்று படித்திருப்பீர்களே, அதே காரணம்தான். அதோடு, இவ்வளவு சிறிய துகள்கள் நுரையீரலின் அடியில் உள்ள காற்றுப் பைகள்வரை செல்லக்கூடியவை. அங்கிருந்து ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கவும் முடியும்.

ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 75,000 துகள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீனிக்கட்டி அளவு இடத்தில் 75,000! சாதாரணமாக நாம் ஒருமுறை இழுக்கும் மூச்சு சுமார் 500 கன சென்டிமீட்டர். பெருக்கினால் ஒரே மூச்சில் 37.5 மில்லியன் துகள்கள். இவை ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் விட்டமும் நீரின் அடர்த்தியும் கொண்டவை என்று கொண்டால், ஒரு கன மீட்டர் காற்றில் இவற்றின் எடை ஒரு மைக்ரோகிராம்கூட வராது. பிஎம்2.5 அளவீடு கிட்டத்தட்ட அசையாது. கைப்பேசியில் எண் பச்சையாகவே இருக்கும்.

இந்த 75,000 என்னும் எண்ணை நான் என் வசதிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. அது லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வாகனம்

லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையம் அமெரிக்காவின் மேற்குக் கரையில், கடலை ஒட்டி இருக்கிறது. பகலில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து நகரை நோக்கி வீசும். விமானங்கள் கிழக்கிலிருந்து, வீடுகள் நிறைந்த வட்டாரங்களுக்கு மேலே தாழப் பறந்து வந்து இறங்கும்.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தையும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த நீலாக்ஷி ஹுட்டா, ஸ்காட் ஃப்ரூயின் முதலிய ஆய்வாளர்கள், துகள்களை எண்ணும் கருவியை வாகனத்தில் ஏற்றி அந்த வட்டாரத் தெருக்களில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினார்கள். முடிவு 2014ல் வெளியானது. விமான நிலையத்திலிருந்து காற்று செல்லும் திசையில் 16 கிலோமீட்டர் தூரம்வரை, சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பில், துகள் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு மடங்காவது இருந்தது. 8 முதல் 10 கிலோமீட்டர் தூரத்திலும் அது நான்கைந்து மடங்கு. 8 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 75,000 துகள்களைத் தாண்டிய இடங்கள் இருந்தன. அந்நகரின் விரைவுச்சாலைகளில் காணப்படும் சராசரியைவிட அது அதிகம்.

விரைவுச்சாலைகளுக்குப் பேர்போன நகரம் அது. அங்குள்ள விரைவுச்சாலைகளின் மொத்த நீளம் சுமார் 1,500 கிலோமீட்டர். இந்த ஒரு விமான நிலையம் ஏற்படுத்தும் துகள் எண்ணிக்கை, 280 முதல் 790 கிலோமீட்டர் நீள விரைவுச்சாலைக்குச் சமம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விமான நிலையம் 2014ல் முளைத்ததல்ல. பல பத்தாண்டுகளாக அங்கே இயங்கி வந்தது. மாசும் அத்தனை காலமாக இருந்திருக்கும். தெருத்தெருவாகப் போய் எண்ணிய பிறகே அது எவ்வளவு தூரம் பரவுகிறது என்பது தெரிந்தது.

எண்ணுவது எளிதா என்றால், இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். 20 நானோமீட்டர் துகள் அந்த ஒளியைப் போதிய அளவு சிதறடிப்பதில்லை. கடையில் வாங்கும் மலிவான காற்றுமானிகள் ஒளிச் சிதறலை வைத்தே இயங்குகின்றன. எனவே அவற்றுக்கும் இத்துகள்கள் தெரிவதில்லை. அறிவியலாளர்கள் ஓர் உத்தியைக் கையாள்கிறார்கள். துகள்களை ஆல்கஹால் ஆவிக்குள் செலுத்திக் குளிரவைக்கிறார்கள். ஆவி ஒவ்வொரு துகளின்மீதும் படிந்து அதைச் சிறு துளியாக வளர்க்கிறது. தூசியின்மீது நீராவி படிந்து மேகத்துளி உருவாவதைப் போலத்தான். வளர்ந்த துளி லேசர் ஒளியில் மின்னும். மின்னல்களை எண்ணினால் துகள்களை எண்ணியதாகும்.

எங்கோ தாமதம், எங்கோ மூச்சுத்திணறல்

“விமான நிலையத்துக்கு அருகில் நோய் அதிகம் என்றால், அதற்குச் சாலை, தொழிற்சாலை, வறுமை என்று வேறு காரணங்கள் இருக்கலாமே?” என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் வருத்தப்படுவேன். இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடப்பதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

வுல்ஃப்ராம் ஷ்லெங்கர், ரீட் வாக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு ஓர் அழகான வழியைக் கண்டார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள பெரிய விமான நிலையங்களில் தாமதம் ஏற்பட்டால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மேற்கே உள்ள கலிஃபோர்னியாவிலும் அட்டவணை குழம்பும். அங்கே விமானங்கள் கிளம்ப முடியாமல் இயந்திரத்தை ஓடவிட்டபடி வரிசையில் நிற்கும். கிழக்கே மோசமான வானிலை, மேற்கே கூடுதல் புகை! கலிஃபோர்னியாவில் அன்றைய சாலை நெரிசலுக்கும் வானிலைக்கும் இந்தத் தாமதத்தோடு தொடர்பில்லை. ஆகவே, அந்த நாள்களில் கூடும் நோய்க்கு அந்தக் கூடுதல் புகையைத்தான் கேட்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை மாறாமல் வைப்போமே, அதை இங்கே இயற்கையே செய்து கொடுத்தது.

கலிஃபோர்னியாவின் 12 பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் மருத்துவமனைப் பதிவுகளை அவர்கள் பார்த்தார்கள். அத்தகைய நாள்களில் மூச்சு, இதயம் தொடர்பான நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்பவர்கள் கூடியது தெரிந்தது. அவர்கள் கணக்கில் முக்கியக் குற்றவாளி கார்பன் மோனாக்சைடு. அதுவும் அரசாங்கம் நிர்ணயித்த வரம்புக்கு வெகு கீழே இருந்தபோதே. நான் நினைவில் வைக்கச் சொன்ன 26 நிமிடம் 40 நிமிடமாக நீண்டால் என்னவாகும் என்பதற்கு இதுவே பதில்.

முதலில் யார் மூச்சு?

விமான நிலையக் காற்றை மிக அதிகமாகச் சுவாசிப்பவர்கள் பயணிகள் அல்லர். குடியிருப்பாளர்கள்கூட அல்லர். ஓடுபாதை ஓரத்தில் வேலை செய்பவர்கள்தாம். டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் ஊழியர்களின் உடலிலேயே கருவியைப் பொருத்தி அளந்தார்கள். பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்குபவர்கள் சுவாசித்த காற்றில் கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக 37,000 மீநுண் துகள்கள். பெரும்பாலும் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு 5,000. ஒரே விமான நிலையம், ஆனால் ஏழு மடங்கு வேறுபாடு. உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டியில், 24 மணி நேரச் சராசரி 10,000ஐத் தாண்டினால் அதிகம் என்றும், 1,000க்குக் கீழே இருந்தால் குறைவு என்றும் கூறுகிறது.

இதைப் படிக்கும் உங்களில் சிலருடைய அப்பாவோ மாமாவோ அக்காவோ சாங்கியில் வேலை செய்பவராக இருப்பார். பெட்டி ஏற்றும் பணி, விமானத்தைத் துப்புரவு செய்யும் பணி, வண்டி ஓட்டும் பணி, பொறியியல் பணி என்று நம் சமூகத்தினர் அங்கே பலர் இருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை, எண்ணும் கருவி முதலில் நிற்க வேண்டிய இடம் அவர்கள் நிற்கும் இடம்.

அடுத்து, குழந்தைகள். நெதர்லாந்தின் ஸ்கிப்போல் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள தொடக்கப்பள்ளி மாணவர்களைப் பற்றி அந்நாட்டுப் பொதுச் சுகாதார அமைப்பு 2019ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மீநுண் துகள்கள் அதிகமாக இருந்த நாள்களில் மூச்சு தொடர்பான தொல்லைகளும் அதற்கு எடுத்த மருந்தும் கூடியிருந்தன. அதே விமான நிலையத்துக்கு அருகில், ஆரோக்கியமான 21 இளையர்கள் ஐந்து மணி நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தபோது, நுரையீரல் செயல்திறனிலும் இதயத்தின் மின்துடிப்பிலும் சிறு மாற்றங்கள் தென்பட்டன. சிறியவைதாம். ஆனால் அவர்கள் சில நாள் வந்து போனவர்கள். அங்கேயே வசிப்பவர்களுக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

என் கருத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை உண்டு. அவற்றை மறைத்தால் நான் நல்ல ஆசிரியர் அல்லன்.

முதலாவது, நகரக் காற்றின் மொத்த மாசில் விமானம் முதலிடத்தில் இல்லை. சாலை வாகனங்கள், கப்பல்கள், தொழிற்சாலைகள், அண்டை நாட்டுப் புகைமூட்டம் ஆகியவை எடைக் கணக்கில் பெரியவை. உண்மைதான். ஆனால் வாகனப் புகையைக் குறைக்க நாடுகள் பல ஆண்டுகளாக விதிகளை இறுக்கி வருகின்றன, மின்சார வாகனங்களும் வந்துகொண்டிருக்கின்றன. பெரிய பயணிகள் விமானத்துக்கு அப்படி ஒரு மாற்று இன்னும் வரவில்லை. மற்றவை குறையக் குறைய, குறையாமல் இருப்பதன் பங்கு கூடும்.

இரண்டாவது, சாங்கி லாஸ் ஏஞ்சலிஸ் அல்ல. இதுவும் உண்மை. 1975ல் நம் அரசாங்கம் ஒரு முக்கிய முடிவை எடுத்தது. பாய லேபார் விமான நிலையத்தில் இரண்டாவது ஓடுபாதை போடுவதற்குப் பதிலாக, கடலைத் தூர்த்துச் சாங்கியில் புதிய நிலையம் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். 1981ல் அது செயல்படத் தொடங்கியது. ஓடுபாதைகளின் தென்முனைக்கு அப்பால் இருப்பது கடல். தெற்கிலிருந்து வரும் விமானங்கள் வீடுகளுக்கு மேலே அல்ல, நீருக்கு மேலே தாழ்ந்து இறங்குகின்றன. அன்று எடுத்த அந்த முடிவு இன்று நம்முடைய மூச்சைக் காக்கிறது.

ஆனாலும் காற்று எப்போதும் ஒரே திசையில் வீசுவதில்லையே! வடகிழக்குப் பருவக்காற்றின்போது அது விமான நிலையத்திலிருந்து தீவின் தென்கிழக்குக் கரைப் பக்கமாக வீசும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் பக்கமாகத் திரும்பும். இரண்டு பருவங்களிலும் எவ்வளவு வேறுபாடு என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் எல்லாரும் மகிழ்வோம். அது நம் திட்டமிடலுக்குக் கிடைத்த சான்றிதழாகவும் இருக்கும்.

மூன்றாவது, மீநுண் துகள்களின் நீண்டகாலப் பாதிப்பு பற்றிய ஆய்வுகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனமும் இவற்றுக்கு உறுதியான வரம்பை விதிக்கவில்லை. போதிய தரவு இல்லை என்பதே காரணம். இங்கேதான் நாம் ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறோம். வரம்பு இல்லாததால் அளப்பதில்லை. அளக்காததால் தரவு இல்லை. தரவு இல்லாததால் வரம்பு இல்லை. யாராவது ஒருவர் இந்த வட்டத்தை உடைக்க வேண்டும். அதே நிறுவனம் வழக்கமான காற்றுக் கண்காணிப்பில் துகள் எண்ணிக்கையையும் சேர்க்கும்படி அறிவுறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024ல் திருத்திய காற்றுத் தரச் சட்டமும் மீநுண் துகள்களை அளக்கச் சொல்கிறது. அளவு கூடுதலாக இருக்கக்கூடிய இடங்களுக்கு அது காட்டும் எடுத்துக்காட்டுகளில் விமான நிலையமும் ஒன்று.

செய்யக்கூடியவை நிறைய

எண்ணித்தான் என்ன பயன் என்று கேட்காதீர்கள். குறைப்பதற்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் பல தரையிலேயே இருக்கின்றன, அந்த 26 நிமிடத்துக்குள்ளேயே.

விமானம் வாயிலில் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் அதன் வால்பகுதியில் உள்ள சிறிய துணை இயந்திரத்தை ஓட்டலாம். அல்லது, முனையத்திலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் கொடுத்து அந்த இயந்திரத்தை நிறுத்திவிடலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போது இரண்டு இயந்திரங்களில் ஒன்றை மட்டும் ஓட்டலாம். கிளம்பும் நேரம் நெருங்கும்வரை விமானத்தை வாயிலிலேயே நிறுத்தி வைத்தால் வரிசையில் நின்று புகைவிட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தின் ஸூரிக் விமான நிலையம் 1997லேயே, அதிக மாசு வெளியிடும் விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணம் அதிகம் என்ற முறையைக் கொண்டுவந்தது. சாங்கியில் 2025 முதல், ஓடுபாதைப் பகுதியில் புதிதாகச் சேரும் கார், வேன் போன்ற இலகுரக வாகனங்கள் மின்சாரத்தில் இயங்க வேண்டும் என்பது விதி. நல்ல தொடக்கம்.

எரிபொருளையும் மாற்றலாம். நாசா விமானம் ஒன்றில் வழக்கமான எரிபொருளையும் தாவர எண்ணெய் வகை உயிரி எரிபொருளையும் பாதிக்குப் பாதி கலந்து பறந்து சோதித்தார்கள். துகள் வெளியேற்றம் 50 முதல் 70 விழுக்காடு குறைந்ததாக 2017ல் அறிவித்தார்கள். கரித்துகளுக்கு மூலமான வளைய ஹைட்ரோகார்பன்களும் கந்தகமும் அந்த எரிபொருளில் மிகக் குறைவு என்பதே காரணம். நீடித்த நிலைத்தன்மைமிக்க விமான எரிபொருள் என்று செய்திகளில் கேட்டிருப்பீர்களே, இது அந்த வகைதான். துவாஸில் 2023ல் விரிவாக்கப்பட்ட நெஸ்டே ஆலை ஆண்டுக்கு ஒரு மில்லியன் டன்வரை அதை உற்பத்தி செய்யும் திறன் கொண்டது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானங்களில் அதன் பங்கை முதலில் ஒரு விழுக்காடாகவும், 2030க்குள் 3 முதல் 5 விழுக்காடாகவும் ஆக்கும் இலக்கு 2024ல் அறிவிக்கப்பட்டது. பருவநிலைக்காகப் போடப்பட்ட திட்டம் இது. ஆனால் நம் நுரையீரலுக்கும் இதில் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்று காட்ட, மீண்டும், துகள்களை எண்ணத்தான் வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் சியாட்டல் விமான நிலையத்துக்கு அருகில் உள்ள சில பள்ளிகளில், நுண்வடிகட்டி பொருத்திய காற்றுச் சுத்திகரிப்புக் கருவிகளை வகுப்பறையில் வைத்துப் பார்த்தார்கள். விமானத்திலிருந்து வரும் துகள்கள் வகுப்பறைக் காற்றில் பெருமளவு குறைந்தன. புகைமூட்டத்துக்காக நாம் வாங்கிவைத்திருக்கும் கருவியைப் போன்றதுதான் அது.

ஏன் இப்போதே?

2024ல் சாங்கியை 67.7 மில்லியன் பயணிகள் பயன்படுத்தினார்கள். அவ்வாண்டில் விமானங்கள் அங்கே ஏறக்குறைய 366,000 முறை கிளம்பவோ இறங்கவோ செய்தன. நாளொன்றுக்குச் சராசரியாக ஆயிரம். ஐந்தாம் முனையத்தின் கட்டுமானப் பணி 2025 மே மாதம் தொடங்கிவிட்டது. 2030களின் நடுப்பகுதியில் அது திறக்கும்போது ஆண்டுக்கு மேலும் 50 மில்லியன் பயணிகளைக் கையாள முடியும்.

ஆய்வுக்கூடத்தில் நாம் எப்போதும் செய்யும் முதல் வேலை என்ன? சோதனையைத் தொடங்கும் முன் தொடக்க அளவைக் குறித்துக்கொள்வது. நீரைச் சூடாக்கும் முன் அதன் வெப்பநிலை என்ன, செடிக்கு உரம் போடும் முன் அதன் உயரம் என்ன என்று எழுதிவைப்போம். மறந்துவிட்டால் அந்தச் சோதனை வீண். கொதிக்கும் நீரைப் பார்த்து, அரைமணி நேரத்துக்கு முன் அது எத்தனை பாகை செல்சியஸில் இருந்தது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

சாங்கி இன்று அந்த நிலையில்தான் இருக்கிறது. அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. இப்போது எண்ணினால், ஐந்தாம் முனையம் வந்த பிறகு காற்று கெட்டதா, புதிய எரிபொருளும் மின்வாகனங்களும் சேர்ந்து அதை மேம்படுத்தினவா என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடியும். இப்போது எண்ணாமல் விட்டால், அப்போது ஒரு தரப்பு “மோசம்” என்று சொல்லும், மறுதரப்பு “ஒன்றுமில்லை” என்று சொல்லும். இருவரிடமும் ஆதாரம் இருக்காது.

விமானத்தை வெறுக்கச் சொல்லவில்லை. நம் தாத்தா பாட்டியைப் பார்க்க நம்மை ஏற்றிச் செல்வதும், நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். மதிப்பு மிகுந்த ஒன்றைத்தான் நாம் அக்கறையோடு கணக்கு வைத்துப் பராமரிக்கிறோம்.

உங்களுக்கு ஒரு வீட்டுவேலை. ஒரு மாதம், நாள்தோறும் ஒரே நேரத்தில், கிழக்கு வட்டாரத்தின் பிஎம்2.5 அளவையும் மேற்கு வட்டாரத்தின் அளவையும் காற்று வீசும் திசையையும் குறித்து வாருங்கள். விமான நிலையத்தின் தடயம் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், மாசு இல்லாததால் தெரியவில்லையா, அளவுகோல் பொருந்தாததால் தெரியவில்லையா என்று இரண்டு பத்தி எழுதுங்கள். அதை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். துணிவிருந்தால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2035ல் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலைக்குப் போகப்போகிறவர்கள் நீங்கள்தான்.